வேப்பிலையை அவிழ்த்த மத்தியானம்

என் மகளைக் கொண்டுபோகப் பார்த்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. அதற்குக் கூடமாட ஒத்தாசை செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கும்போது, "கலியமூர்த்தி நல்ல மனுஷனாச்சே, இப்படியா செஞ்சான்" என்று யாரும் திடுக்கிட வேண்டாம்.

நம்ம மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா மலருக்கு, ஆத்தா எனக்குச் செய்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவள் செய்ததை எழுத வேண்டுமென்றால் நான் செய்ததையும் எழுதியாக வேண்டும். அங்கேதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன தை மாசம். சம்பா அறுவடை நேரம். என் மகள் அபிநயா கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் முதல் வருஷம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நாலு நாள் லீவு என்று வியாழக்கிழமை சாயங்காலம் குத்தாலத்தில் வந்து இறங்கினாள். உடம்பு அசதி என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்தே வந்தவளுக்கு என்ன அசதி, நாள் பூரா அறுப்பு மெஷின் பின்னால் ஓடின எனக்கு இல்லாத அசதியா என்று கிண்டல் பண்ணினேன். அவள் பாதி குடித்து வைத்த காபியை நானே எடுத்துக் குடித்தேன். வீணாகக் கூடாதாம்.

வெள்ளிக்கிழமை காலையில் நெருப்பாகக் கொதித்தது உடம்பு. தலை பிளக்கிறது, ஜன்னலைச் சாத்துங்கள், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். ரெண்டு தடவை வாந்தி. உடம்பு அப்படிக் கொதித்தும் கையும் காலும் மட்டும் ஜில்லென்று இருந்தது. என் மனைவி வசந்தா அப்போதே சொன்னாள், "ஏங்க, கும்பகோணம் கூட்டிட்டுப் போயிடலாங்க."

"காய்ச்சலுக்குப் போயி கும்பகோணமா? அங்க இருக்கிற டாக்டருக்கே காய்ச்சலாம்" என்றேன். எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். வசந்தா சிரிக்கவில்லை.

பதினொரு மணி சுமாருக்குப் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. வசந்தா பதறிப்போய்க் காட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரே நிம்மதி. ஆமாம், நிம்மதி! காய்ச்சலும் புள்ளியும் சேர்ந்து வந்தால் நம்ம ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆத்தா வந்திருக்கிறாள். ஆத்தா வந்த வீட்டில் ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, தாளிப்பு கிடையாது. வேப்பிலைக் கொத்தை வாசலில் கட்ட வேண்டியது, பிள்ளையை வேப்பிலை மேல் படுக்க வைக்க வேண்டியது, இளநீரும் கூழும் கொடுக்க வேண்டியது. அம்மை போட்டு மூணாம் தண்ணி ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். ஊசியைக் கண்டால் அதைவிட. ஆக, ஆத்தா பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்துக்கொண்டேன். அப்போது அதற்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன்.

வசந்தா மறுபடியும் கேட்டாள். "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாங்க."

"ஆத்தா வந்திருக்கிற நேரத்துல டாக்டரா? கோவிச்சுக்குவா, வசந்தா."

நானே மரத்தில் ஏறினேன். நானே ஒடித்தேன். வாசல் நிலையில் நானே கட்டினேன். ஐம்பத்திரண்டு வயசில் வேப்பமரம் ஏறிய வீரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறு பெருமையாகச் சொன்னேன். உள்ளே என் பிள்ளை கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தது.

தீர்த்தம் கொண்டுவரச் சொல்லி நம்ம பூசாரி குஞ்சிதபாதத்துக்குப் போன் பண்ணினேன். குஞ்சு என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். கோயிலில் பூசை பண்ணுவான், மற்ற நேரத்தில் வாடகைக்கு வேன் ஓட்டுவான். அன்றைக்கு ஒரு சீமந்தத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தான். வர மூணு மணி ஆகிவிட்டது. அந்த நாலு மணி நேரத்தை இன்று வரைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மஞ்சள் தண்ணிச் செம்போடு உள்ளே வந்தவன் அபி பக்கத்தில் உட்கார்ந்தான். காலைப் பார்த்தான். காலையில் கடுகு மாதிரி இருந்த புள்ளிகள் அதற்குள் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகிவிட்டன. தொடை வரைக்கும் ஏறியிருந்தது. கட்டைவிரலால் ஒரு திட்டை அழுத்திப் பார்த்தான். எடுத்தான். மறுபடி அழுத்தினான். அவன் முகம் மாறிப்போனது.

"டேய், இது எப்ப வந்துச்சு?"

"காலையில. ஆத்தாதான்டா?"

"ஆத்தா முத்துப் போடுவாடா. தண்ணி கோத்துக்கிட்டு, முத்து முத்தா. இருபது வருஷமா அம்மை போட்ட வீட்டுக்கெல்லாம் போயிட்டு வரேன், எனக்குத் தெரியாதா? இது முத்து இல்ல. தோலுக்கு அடியில ரத்தம் கட்டுது. அமுக்கினாலும் மறையல." அபி தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தான். கழுத்து வளையவில்லை. பிள்ளை ஈனஸ்வரத்தில் முனகினாள்.

"தூக்குடா" என்றான்.

"குஞ்சு, வேப்பிலை கட்டியிருக்கு, ஆத்தா இருக்கிற வீடு, ஒரு வார்த்தை உத்தரவு கேட்டுட்டு..."

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். நான் மரமேறிக் கட்டிய வேப்பிலையை ஒரே இழுப்பில் அவிழ்த்தான். "உத்தரவு கொடுத்தாச்சு. பூசாரி நான் சொல்றேன். இவளை இப்ப தூக்கலன்னாதான்டா ஆத்தா கோவிச்சுக்குவா. உன்னைப் பிடிச்சு மிதிப்பா. அவளுக்கு முன்னாடி நான் மிதிப்பேன்."

அன்றைக்கு ஆத்தா பேசினாள் என்று நான் சத்தியம் பண்ணுவேன். சாமி வந்து ஆடிப் பேசவில்லை. டீசல் வாசத்தோடு, காக்கி டவுசரோடு, என்னை 'டேய்' போட்டுப் பேசினாள்.

வேனில் ஏற்றினோம். தெருமுனை திரும்பியதும் வண்டி நின்றது. ரோட்டில் பாதிக்கு மேல் நெல் காயப்போட்டுச் சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், "எவன்டா ரோட்டை அடைச்சு நெல்லைக் கொட்டினவன்? அறிவு இருக்கா?" என்று கத்தினேன்.

"நீதான்டா" என்றான் குஞ்சு.

என்னுடைய நெல். என்னுடைய கல். போன வாரம் இதே இடத்தில் ஒரு கார்க்காரர் நெல்மேல் ஏற்றிவிட்டார் என்று அரை மணி நேரம் சண்டை போட்டவனும் நான்தான். இப்போது, "ஏத்துடா! மேலயே ஏத்து!" என்று நானே கத்தினேன். என் நெல்லை நசுக்கிக்கொண்டுதான் என் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அப்புறம் ரயில்வே கேட். மூடிக் கிடந்தது. நான் இறங்கி ஓடி, கேட் கீப்பரிடம் ரயிலைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். ஆமாங்க, ரயிலை. அந்த மனுஷர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். திருவிடைமருதூர் கோபுரம் தெரிந்ததும் வேனில் இருந்தபடியே மகாலிங்கசாமிக்கும் ஒரு வேண்டுதல் போட்டேன். மொட்டை, பால்குடம், அலகு, அங்கப்பிரதட்சணம், தீமிதி. வழியில் எந்தக் கோயில் வந்தாலும் ஒன்று. குஞ்சு திரும்பிப் பார்த்து, "சும்மா உக்காருடா. எல்லாத்துக்கும் நான்தான் ஏற்பாடு பண்ணணும்" என்றான். வசந்தா மட்டும் எதுவும் வேண்டவில்லை. பிள்ளையின் தலையை மடியில் வைத்து, "அபி, கண்ணத் தொற, அபி, அம்மாவப் பாரு" என்று ஒரே மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் என்னிடம் கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் பக்கமே திரும்பவில்லை.

கும்பகோணத்தில் ஆஸ்பத்திரி டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டைத் திட்டின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். குஞ்சு கட்டைவிரலால் பார்த்ததையே அவர் கண்ணாடியால் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஊசி மருந்து ஏறியது. பரிசோதனை எல்லாம் அப்புறம், முதலில் மருந்து என்றார். இது மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வையும் ரத்தத்தையும் தாக்குகிற கிருமி மாதிரி தெரிகிறது, மெனிஞ்சோகாக்கல் என்பார்கள், மணிக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும் என்றார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து அதுதான் என்று அங்கே உறுதி பண்ணினார்கள். பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அங்கிருந்த பெரிய டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "எங்க படிக்கிறா? ஹாஸ்டலா? இதுக்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

இங்கேதான் நான் இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும்.

கார்த்திகை மாசத்தில் அந்த ஹாஸ்டலில் இன்னொரு பிள்ளைக்கு இதே நோய் வந்திருக்கிறது. கல்லூரியிலிருந்து பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். டாக்டரைக் கலந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள், முகாம் நடத்துகிறோம், சம்மதக் கடிதம் அனுப்புங்கள் என்று. எல்லா அப்பாக்களும் முழித்துக்கொண்டிருந்தபோது, நான் சும்மா இருந்திருக்கலாம். நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எங்க பிள்ளைக்கு மாரியம்மா ஏற்கனவே போட்டுட்டா. சர்ட்டிபிகேட் உண்டியல்ல இருக்கு" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு போட்டேன். குரூப்பே சிரித்தது. இன்னும் மூணு அப்பாக்கள், "நம்ம வீட்டுக்கும் அதே மாரியம்மாதான்" என்று எழுதினார்கள். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. அபி போன் பண்ணி, "அப்பா, எல்லாரும் போட்டுக்கிறாங்கப்பா" என்று கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா, வலிக்கும்" என்றேன். ஊசிக்குப் பயந்தவன் நான். அந்தப் பயத்தை அவளுக்குப் பாசமாகச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் அம்மாவிடம், "போடல" என்று மட்டும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். வசந்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சுற்றறிக்கை வந்ததே தெரியாது. "உங்க ஜோக்குக்கு எம் பிள்ளைதான் கிடைச்சாளா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரெண்டு நாள் பேசவில்லை.

எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. யார் கொடுத்தார்கள் என் பிள்ளைக்கு என்று கேட்டேன். டாக்டர் அம்மா சொன்னார், இந்தக் கிருமி நல்ல ஆரோக்கியமான ஆட்களின் தொண்டையிலேயே சும்மா உட்கார்ந்திருக்குமாம். அவர்களுக்கே தெரியாது. இருமல், தும்மல், எச்சில், ஒரே அறையில் நெருங்கிப் படுப்பது, ஒரே டம்ளர். இப்படிப் போகும். நூறு பேரைச் சும்மா விட்டுவிட்டு யாரோ ஒருத்தருக்கு ரத்தத்தில் இறங்கும். "யாருன்னு கண்டுபிடிக்க முடியாதுங்க. உங்க தொண்டையிலகூட இருக்கலாம்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் காபி ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் நான் பண்ணிய கூத்தைக் கேளுங்கள். கழுத்து இறுகுகிறதா என்று பார்க்கத் தாடையை நெஞ்சில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன், நின்று பார்த்தேன், டீக்கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டும் பார்த்தேன். மத்தியானத்துக்குள் நிஜமாகவே கழுத்து வலி வந்துவிட்டது. நர்ஸிடம் ஓடினேன். "காலையிலேருந்து பார்க்கிறேன், பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கிட்டே இருக்கீங்க. எந்தக் கழுத்துதான் சார் வலிக்காது?" என்றார். கூட இருந்தவர்களுக்கு நோய் வராமல் இருக்க எனக்கும் வசந்தாவுக்கும், பிள்ளையைத் தூக்கி வந்த குஞ்சுவுக்கும் ரெண்டு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். கொடுக்கும்போது ஏதோ சொன்னார். நான் தலையாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

சாயங்காலம் பாத்ரூம் போனால் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. முடிந்தது கதை, ரத்தம் உடைந்துவிட்டது, கிருமி உள்ளே இறங்கிவிட்டது என்று வராந்தாவில் நின்று அலறினேன். அதே நர்ஸ்தான் வந்தார். "மாத்திரை கொடுக்கிறப்பவே சொன்னேனே சார், ரெண்டு நாளைக்கு அப்படித்தான் போகும்னு." வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக ஊரைச் சிரிக்க வைக்கப் பாடுபடுகிறேன், இப்படி ஒரு சிரிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என் பிள்ளை கண் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கியதும் மூலையில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் நான் முதல் தடவையாக நிஜமாகக் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் போட்டதெல்லாம் ஏலம். அலகு குத்துகிறேன், தீ மிதிக்கிறேன் என்று ஏற்றிக்கொண்டே போனேன். இப்போது எதுவும் வரவில்லை. "ஆத்தா, உன் பேரைச் சொல்லி நான் ஏமாத்தினேன். பயத்துக்கு உன்னை முன்னால நிறுத்தினேன். தப்பு என்னுது. பிள்ளையை விட்டுரு" என்றேன். அழுதேன். ஆரஞ்சு நிறத்தில்தான் கண்ணீரும் வந்தது. அதைப் பார்த்துப் பயப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அபி கண் திறந்தாள். மூணு நாள் சரியாகச் சோறு தண்ணி இல்லாமல் வாசலில் கிடந்தவன் ஓடிப்போய் நின்றேன். என்னைப் பார்த்து, "அம்மா எங்க?" என்று கேட்டாள். அடி கழுதை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வசந்தாவைக் கூப்பிட ஓடினேன்.

அன்றைக்கே அந்த வாட்ஸப் குரூப்பில் நடந்ததை எழுதினேன். பொம்மை எதுவும் போடவில்லை. அபியோடு அறையில் இருந்த பிள்ளைகளுக்கு அதற்குள் சுகாதாரத் துறை ஆட்கள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். என்னோடு சேர்ந்து சிரித்த மூணு அப்பாக்களில் ரெண்டு பேர் உடனே பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். மூணாமவர் ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். போட்டாரா, இல்லை என் கதை நன்றாக இருக்கிறது என்கிறாரா, இன்றுவரை தெரியவில்லை. மூணு தடவை போன் பண்ணிவிட்டேன். எடுக்கவில்லை.

அபி பங்குனியில் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள். டாக்டரைக் கேட்டுத் தடுப்பூசியும் போட்டாயிற்று. கால், கை எல்லாம் பத்திரம். இடது காது மட்டும் போய்விட்டது. அந்தப் பக்கம் நின்று நான் ஜோக் சொன்னால் அவளுக்குக் கேட்காது. "ரொம்ப வசதியா இருக்குப்பா" என்கிறாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். நான்தான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

இதோடு நன்றி சொல்லி முடித்திருப்பேன். முடிக்கவிடாமல் செய்தவன் என் தம்பி. அவன் மகள் திவ்யாவுக்கு வைகாசியில் ஹாஸ்டலோடு காலேஜ் இடம் கிடைத்தது. டாக்டரிடம் கேட்டு ஊசி போட்டு அனுப்பு என்று நாலு தடவை சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எதுக்குண்ணே? அபியையே ஆத்தா காப்பாத்தினாள்ல. நீங்கதானே ஊர் பூரா சாட்சி சொல்றீங்க!"

நான் விதைத்ததுதானே! ஆத்தா காப்பாற்றினாள் என்பதை ஊரெல்லாம் சொன்னேன். எப்படிக் காப்பாற்றினாள் என்பதில் பாதியை விழுங்கிவிட்டேன், எனக்கு அசிங்கம் என்று. அதனால்தான் இந்த மலரில் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

தம்பி அடுத்த வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தான், காலேஜ் சேருவதற்கு முன்னால் அர்ச்சனை பண்ண. நானும் அங்கே இருந்தேன். குஞ்சு தட்டை வாங்கினான். பெயர் கேட்டான், நட்சத்திரம் கேட்டான். அப்புறம், "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டான்.

தம்பி என்னை முறைத்தான். நான் தூணைப் பார்த்தேன்.

"அர்ச்சனைக்கும் ஊசிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றான் தம்பி.

"எனக்குத் தெரியாதுங்க. உங்க அண்ணன் வீட்டுல நான் பார்த்தேன். அபியோட காலை நான்தான் அமுக்கிப் பார்த்தேன். அதுக்கப்புறம் நான் கேக்காம இருக்க மாட்டேன். தட்டு இங்கயே இருக்கட்டும். போயிட்டு வாங்க, ஆத்தா முன்னாடியே வச்சிருக்கேன்."

தம்பி கத்தினான். கோயில் என்ன உங்கப்பன் வீட்டுதா என்றான். கமிட்டியில் சொல்கிறேன் என்றான். குஞ்சு தட்டைத் திருப்பித் தரவும் இல்லை, தேங்காயை உடைக்கவும் இல்லை. தம்பி கோபத்திலேயே திவ்யாவைக் கும்பகோணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரெண்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். இன்னும் அவனுக்குக் கோபம் ஆறவில்லை, என்னோடு இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. பேச வேண்டாம். குஞ்சு நடை திறந்து தேங்காயை உடைத்து, பெயரைச் சொல்லி அர்ச்சனை பண்ணினான்.

வெளியே வரும்போது திவ்யா தோளைத் தேய்த்துக்கொண்டே, "பெரியப்பா, கை வலிக்குது" என்று முகத்தைச் சுளித்தாள்.

என் மகளுக்கு நான் வாங்கிக் கொடுக்காத வலி அது.

எல்லா வகைக் கிருமிக்கும் இந்த ஊசி காவல் இல்லை என்று டாக்டர் அம்மாவே சொன்னார். போட்ட பிறகும் காய்ச்சலோடு கழுத்து இறுகினால், அழுத்தினாலும் மறையாத புள்ளி தெரிந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓட வேண்டும். எல்லாருக்கும் போடுகிற ஊசி வரிசையில் இது கிடையாதாம், நாமாகத்தான் கேட்க வேண்டும். பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிறீர்களா, கேளுங்கள். ஆத்தாவை நம்புங்கள், நானும் நம்புகிறேன், முன்னைவிட அதிகமாக நம்புகிறேன். கும்பிட்டுவிட்டு ஊசிக்குப் போங்கள், இல்லை ஊசி போட்டுவிட்டு வந்து கும்பிடுங்கள். நீங்கள் போய்த் திரும்பி வருகிற வரைக்கும் அவள் அங்கேயேதான் இருப்பாள்.